கொப்புளிப்பான்

பேர்ண் நகரில் ஆஸ்பத்திரியின் பெயர் தீவு.
சுற்றிலும் தண்ணீர் கிடையாது.
பஸ்ஸில் போய் இறங்கி
ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் அங்கே கரையேறுகிறேன்.

தாதி ரெகுலா என் இடக்கையில் நரம்பு தேடுவாள்.
ஊசி ஏற்றும் குழாயும் தமிழில் நரம்புதான்,
பழுதாகிக் கிடப்பதும் நரம்புதான்.
ஜெர்மனில் இரண்டுக்கும் வேறு வேறு சொல்.
ஒரு நரம்பால் மருந்து போய்
மற்ற நரம்பைக் காக்கும் என்று
அம்மாவுக்குப் போனில் விளங்கப்படுத்த
அரை மணித்தியாலம் எடுத்தது.

உறை கழன்ற வயர் மாதிரி, என்றேன்.
ஆர் கழற்றினது, என்று கேட்டா.
என்ர காவல்காரர்தான்.
பிறகு கன நேரம் அவ கதைக்கவில்லை.
காவல்காரரை நிற்பாட்டத்தான் இந்த மருந்து.
இனி வாசலில் ஆர் நிற்கிறது என்று
அவ கேட்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை
கிண்டர்கார்டனிலிருந்து கடிதம்:
வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விண்ட்பொக்கன்.
காற்றின் கொப்புளம்.
எங்கள் வீட்டில் அது கொப்புளிப்பான்;
சொன்ன உடனே குரலைத் தாழ்த்துவார்கள்,
வந்திருப்பவளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.
மிதுஷாவுக்கு இரண்டாவது தடுப்பூசி
ஒரு தடிமனால் தள்ளிப்போயிருந்தது.
அவள் கழுத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.
நுளம்பாக்கும், என்றேன்.
நவம்பரில் ஏது நுளம்பு.

நிமலரூபன் சப்பாத்தையும் கழற்றாமல்
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
மற்ற அறைக்குள் போய்ச் சாத்திக்கொண்டார்.
கதவுக்கு அடியால் அவள் ஒரு படம் தள்ளினாள்.
நான். அவள். நடுவில் தடித்த கறுப்புக் கோடு.
இதென்ன, குஞ்சு?
கதவு.
கடதாசியில் கிருமி வருமா என்று போனில் தேடினேன்,
படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டே.

இரவு முப்பத்தேழரை.
முப்பத்தெட்டைத் தாண்டினால்
இடக்கண்ணில் பனி இறங்கும்,
வலக்கால் எனக்குச் சொல்லாமல் நின்றுவிடும்.
புதிதாக ஒன்றும் இல்லையாம்,
பழைய வடுதான் சூட்டில் பேசுகிறதாம்.
பேசட்டும். எனக்கு விடிய வேலை.

புதன் காலை டொக்டர் அம்ஸ்டுட்ஸ் போன் எடுத்தார்.
பி அணுக்கள் பூச்சியம்;
கொரோனாவுக்கு மூன்று ஊசி போட்டும்
இரத்தத்தில் அதற்கான எதிர்ப்புப் பொருள் சொட்டும் இல்லை.
அது தெரிந்த கதை.
ஆனால் மருந்து தொடங்கமுதல் எடுத்த சோதனையில்
கொப்புளிப்பானுக்கு நிறைய இருந்ததாம்.
சின்ன வயதில் வந்திருக்கிறது உங்களுக்கு,
இந்த மருந்து அந்தப் பழசைத் தொடுவது குறைவு.
எனக்கு நினைவில்லை.
அம்மாவுக்கும் நிச்சயமில்லை.
அது பங்கருக்குள் படுத்த வருசம்;
எனக்கா தங்கச்சிக்கா பொங்கியது என்று
ஆர் எண்ணிக்கொண்டிருந்தது.
இரத்தம் எண்ணியிருக்கிறது.

பிறகு, பதிவுக்காக, இன்னொன்று கேட்டார்:
முத்தக் காய்ச்சல் எப்போதாவது?
பத்தொன்பது வயது. பும்ப்ளிஸ்.
தொண்டை அடைத்து, கழுத்தில் நெறி கட்டி
மூன்று கிழமை படுக்கை.
ஓம், என்றேன்.
ஆரால் என்று அவர் கேட்கவில்லை.
அந்த நாளில் வீட்டில் எல்லோரும்
அதை மட்டும்தான் கேட்டார்கள்.
ஐஸ்கிரீம் கரண்டி மாறிப்போச்சு என்று
அன்றைக்குச் சொன்ன பொய்
வாடகை இல்லாமல் இன்னும் எனக்குள் குடியிருக்கிறது.
அதுதானா இதற்குக் காரணம்?
அந்தக் கிருமி ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு, என்றார்.
அது இல்லாமல் உங்கள் வியாதி வருவது அபூர்வம்.
இருந்தும் வராதவர்கள்தான் அநேகம்.
பையனின் பெயர்கூட எனக்கு மறந்துவிட்டது,
உடம்பு விடாமல் பிடித்து வைத்திருக்கிறது அவனை.

மகளிடம் போகலாமா?
ஆபத்து சிறிது. இல்லை என்று சொல்லமாட்டேன்.
காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்.

வெள்ளி காலை ஏழு புள்ளி.
நிமலரூபன் வேலைக்குப் போக
நான் கதவைத் திறந்தேன்.
கட்டிலில் ஏறி நின்று
இரண்டு கையையும் நீட்டி மறித்தாள் மிதுஷா:
கிட்ட வராதேங்கோ அம்மா,
நான் இப்ப காற்று.

கலமைன் போத்தலைக் குலுக்கிக்கொண்டே
உள்ளே போனேன்.